இறுக்கிக் கட்டிய கார்

எனக்குப் பஸ் ஆகாது. குமுளிக்குப் போகையில் கூடலூர் தாண்டுவதற்குள் ஜன்னலோரம் வேண்டும், மலையடியில் லோயர் கேம்ப்பில் எலுமிச்சம்பழம் வேண்டும், மலை ஏறத் தொடங்கிவிட்டால் எதுவுமே உதவாது. ஆனால் ஸ்டியரிங்கை நானே பிடித்துக்கொண்டால் வயிறு சும்மா இருக்கும். கார் ஓட்ட ஆசைப்பட்டு நான் சொல்லும் சாக்கு இது என்று என் வீட்டுக்காரர் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்து நான்கு வயதில் எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேப். கல்யாணத்துக்கு முன் பார்த்த அதே வேலைதான். பிள்ளைகள் இருவரும் வெளியூருக்குப் படிக்கப் போனதும் கேட்டுப் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கே.கே.பட்டி என்று சுருக்கிச் சொல்லும் எங்கள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினமும் மலை ஏறி இறங்க வேண்டும். அங்கேயே அறை எடுத்துத் தங்க எனக்கு மனமில்லை. ஆக, எங்கள் பழைய சின்ன காரில் நான் மலை ஏறினால்தான் வேலை. மலையில் ஓட்டிப் பழக மூன்று வாரம் இருந்தது.

முதல் ஞாயிறு ஒத்திகைக்குப் போனோம். சமவெளியில் ஒழுங்காக ஓடிய கார், கொண்டை ஊசி வளைவில் குணத்தைக் காட்டியது. நான் திருப்பினேன், அது யோசித்துவிட்டுத் திரும்பியது. திரும்பிய பிறகும் பின்பக்கம் ஒருமுறை ஆடி அடங்கியது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இவர் தலைக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சம் தைரியமும் போய்விட்டது. குமுளியில் டீ கூடக் குடிக்காமல், அவரை ஓட்டச் சொல்லி இறங்கி வந்தோம். வழியெல்லாம் எனக்கு வாந்தி.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"அவசரப்படாத. வண்டி மேல்பக்கம் ஆட்டங்குடுக்குது. அதைக் கட்டணும்" என்றார்.

கட்டுவதில் அவருக்கு அனுபவம் உண்டு. எங்களுடையது திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு வளர்ந்த கை. செல்போனில் இரண்டு இரவு வீடியோ பார்த்து, ஒரு சிவப்புக் கம்பியை வரவழைத்தார். பானெட்டைத் திறந்தால் முன்சக்கரங்களுக்கு மேலே, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனின் தலை வந்து முட்டும் மேடு இரண்டு பக்கமும் இருக்கும். அந்த இரண்டு மேட்டையும் குறுக்கே இணைக்கிற கம்பி அது. வளைவில் காரின் பாடி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுமாம். இரண்டு மூட்டை உரத்தின் விலைதான். இரண்டு முனையிலும் மரை. திருகினால் கம்பி நீளும், குறுகும்.

தோட்டத்து வரப்போரம் காரை நிறுத்தி அவரே மாட்டினார். ஒரு சக்கரம் வரப்பின் மேல் ஏறியிருந்ததை நான் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மாட்டி முடித்ததும் ஸ்பேனரால் கம்பியைத் தட்டினார். டிங்கென்று சத்தம் வந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி. பந்தல் கம்பியும் தட்டினால் அப்படித்தான் பேசவேண்டும், இல்லையென்றால் காய் பாரத்துக்குத் தொய்ந்துவிடும்.

இரண்டாம் ஞாயிறு கார் கூடலூர் ரோட்டிலேயே இடது பக்கம் இழுத்தது. லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் நேராக வர மறுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது.

"காரைப் பந்தக்காலுன்னு நெனைச்சீகளா?"

அவர் பானெட்டைத் திறந்து, யாரோ ஏமாற்றிவிட்டதைப் போலக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகவும் இருந்தது, ஆனால் அதை அப்போது காட்டவில்லை.

மறுநாள் கம்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். வீல் அலைன்மென்ட்டும் பார்ப்பவர். பானெட்டைத் திறந்ததும் விரலால் கம்பியைச் சுண்டினார்.

"அக்கா, எந்த ஊரு?" என்று என்னிடம் கேட்டார்.

"கே.கே.பட்டி."

"அதான பாத்தேன். அங்கன இருந்து வர்ற வண்டியில இது இருந்தா, சுண்டுனா மணி மாதிரி சத்தம் வரும். தோட்டக்காரவுக எல்லாரும் இழுத்துக் கட்டிர்றாக. இது இழுக்குற கம்பி இல்லண்ணே" என்று இவர் பக்கம் திரும்பினார். "நாலு சக்கரமும் சமதரையில நிக்கையில, சும்மா பிடிச்சு நிக்கிற அளவுக்குத்தான் முடுக்கணும். நீங்க ரெண்டு பக்கத்தையும் உள்ள இழுத்து வச்சிருக்கீக."

பிறகு காரைத் தூக்கி அடியில் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளில் இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டயரில் காற்று அளவுக்கு மேல். அதுவும் இவர் வேலைதான், திராட்சைப் பெட்டி ஏற்றுவதற்காக.

"காலு ஆடுது, நீங்க தோளைக் கட்டியிருக்கீக" என்றார் மெக்கானிக்.

லேப்பில் வேலை பார்த்தவளுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் கீழ்ப்பக்கத்தை மட்டும், அதாவது புஷ்ஷையும் காற்றையும் அலைன்மென்ட்டையும், சரிசெய்து கொடுக்கச் சொன்னேன். மெக்கானிக் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் செய்து கொடுத்தார்.

புதன்கிழமை இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கம்பி இல்லாமல் மலை ஏறினேன். பாதிப் பயம் புஷ்ஷோடு போயிருந்தது. பின்பக்க ஆட்டத்தைக் காணோம். வியாழக்கிழமை மெக்கானிக் சமதரையில் நிறுத்தி, கம்பியை அளவாக மாட்டிக் கொடுத்தார். மறுபடியும் ஏறினேன். நேர்ரோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் குலுக்கல் ஒரு சொட்டுக் கூடுதல். வளைவில் மட்டும், கையைத் திருப்பியதும் காரின் மூக்கு கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பியதுபோல் இருந்தது. இருந்ததா, இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? அதுதான் எனக்குச் சந்தேகம்.

"ஞாயித்துக்கெழம நீங்க கம்பியை மாட்டியும் வைக்கலாம், கழட்டியும் வைக்கலாம். எனக்குச் சொல்லக்கூடாது. ஓட்டிப் பாத்து நான் சொல்றேன்" என்றேன் அவரிடம்.

"காருக்கும் ரத்தப் பரிசோதனையா?" என்று சிரித்தார். இரண்டு வாரத்தில் அன்றுதான் சிரித்தார்.

மூன்றாம் ஞாயிறு காலை கிளம்பினோம். மழை பெய்து ஓய்ந்த ரோடு. மலையடிவாரத்தில் கியரைக் குறைத்தேன். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. எங்கே பிரேக்கைத் தொடவேண்டும், எங்கே விடவேண்டும் என்று இந்த மூன்று வாரத்தில் காலுக்கே தெரிந்துவிட்டிருந்தது. பின்னால் வந்த ஜீப்புக்கு ஓரம் கொடுத்து வழிவிட்டேன். அந்த டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். கார் நினைத்த இடத்தில் திரும்பியது. எனக்குச் சந்தேகமே இல்லை.

குமுளியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். "கம்பி இருக்கு" என்றேன், பரிசோதனை முடிவைச் சொல்கிற குரலில்.

திரும்பிப் பார்த்தால் இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. தோளைத் தட்டி எழுப்பினேன்.

"கம்பி இருக்குல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பம்பு ரூம்ல கெடக்கு."

நம்பாமல் பானெட்டைத் திறந்தேன். இரண்டு மேட்டுக்கும் நடுவே எஞ்சின் மட்டும்தான் இருந்தது. என் சோதனையில் நானே தோற்றிருந்தேன். எனக்குக் கோபம் வரும் என்று அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். கோபம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. அன்று இரண்டு பேரும் டீ குடித்தோம்.

"வீட்டுக்குப் போயி மாட்டிரவா?" என்று கேட்டார்.

"மாட்டுங்க. கொஞ்சமாச்சும் உதவும். இறுக்காதீக."

திங்கட்கிழமை காலை கம்பி அதன் இடத்தில் இருந்தது. சுண்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. நான் சாவியை எடுத்ததும் அவரும் செருப்பை மாட்டுவார் என்று நினைத்தேன். மூன்று வாரமாகத் தோட்டத்து வேலையை எல்லாம் போட்டுவிட்டு என்கூட வந்தவர், அன்று மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார்.

"தண்ணி பாச்சணும். நீ போயிட்டு வா" என்றார்.