ஆளுக்கொரு விரல் கூட்டிய சப்பாத்து

பிள்ளைகளே, எங்கள் செம்பனைத் தோட்டத்தில் சப்பாத்து வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. அளவைத்தான் அனுப்புவோம். செம்பனை ஓலையின் ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து, பாதத்தோடு வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பார்த்து ஒடிப்போம். யார் டவுனுக்குப் போகிறாரோ அவர் கையில் குச்சி போகும். சப்பாத்துக்குள் குச்சி மடங்காமல் படுத்தால் வாங்கிவிட வேண்டியதுதான்.

என் மகள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சை இல்ல அணிக்காகத் தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பழைய சப்பாத்து விரலைக் கடித்தது. அவள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தபோது நானே அளந்தேன். வளருகிற பிள்ளை அல்லவா? ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதலாக விட்டு ஒடித்தேன்.

என் வீட்டுக்காரம்மா அம்பாங்கான் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். குச்சியை அவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் கூட்டியது அவருக்குத் தெரியாது. குச்சிக்குப் பொருந்திய சப்பாத்தை வைத்துவிட்டு, அதற்கு அடுத்த அளவைக் கேட்டிருக்கிறார். சப்பாத்துக் கடைக்கார பாய் தோட்டத்து ஆட்களை அறிந்தவர். "பிள்ளைங்க சீக்கிரம் வளரும்லா" என்று அவர் பங்குக்கு இன்னும் ஓர் அளவு பெரியதாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முனையில் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டு மகள் பயிற்சிக்குப் போனாள். வளைவில் திரும்பும்போது ஒரு சப்பாத்து கழன்று அவளுக்கு முன்னால் பறந்ததாம். திடலே சிரித்திருக்கிறது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் கழண்டா வேற ஆளைத்தான் போடணும்மா. விழுந்துட்டா அடிபடும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். அப்போதுதான் ஆளுக்கு ஆள் கூட்டிய கணக்கு வெளியே வந்தது.

"நீங்க கூட்டுனதைச் சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நீ ஏன் கூட்டுன?"

"ஐயோ, நிறுத்துங்களேன்! ஓடுறது நான்தானே? என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள் மகள்.

அவள் அண்ணன், இடைநிலைப் பள்ளி மாணவன், சத்தமில்லாமல் அந்தச் சப்பாத்துக்குள் காலை விட்டுப் பார்த்தான். தைத்துப் போட்டதுபோல் இருந்தது. "தங்கச்சி புண்ணியத்துல எனக்குப் புதுச் சப்பாத்து" என்று கூடத்தில் நடை பழகினான். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அம்பாங்கானுக்குப் போனேன்.

பாய் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். போட்டவுடனே "இதுதான்பா, சரியா இருக்கு" என்றாள். முகம் மட்டும் சரியாக இல்லை. முனையை அழுத்திப் பார்த்தேன். உள்ளே விரல்கள் நண்டுபோல் சுருண்டு கிடந்தன.

"வலிக்குதா?"

"கொஞ்சம். இறுக்கமா இருந்தா கழறாதுல்லப்பா?"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "வலியோட ஓட முடியாதும்மா. இன்னொண்ணு பார்ப்போம்" என்றேன்.

பள்ளிக்குப் போடுகிற காலுறையோடு அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். நிற்கும்போது பாதம் நீளுகிறது, பிள்ளைகளே! உட்கார்ந்து அளந்தவனுக்கு அது தெரியவே இல்லை. வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பெரியது என்பதும் அன்றுதான் தெரிந்தது. பெரிய காலுக்கே பார்த்தோம். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம், அதற்கு மேல் வேண்டாம். குதித்தாள், குதிகால் சப்பாத்தை விட்டு எழும்பவில்லை. விரல்களை ஆட்டச் சொன்னேன், ஆடின.

"ஓடிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கடைவரிசையின் நடைபாதையில் பறந்தாள். பக்கத்துக் கடை வாசலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் குவளையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

"இங்கேயே போட்டியை வச்சிட்டியே பாப்பா!" என்றார் பாய்.

"இதுதான்பா. இப்ப நெசமாவே இதுதான்" என்றாள், மூச்சு வாங்க.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே பயிற்சி நடக்கும் பள்ளித் திடலுக்குப் போய் வேலியோரம் நின்றேன். தொடர் ஓட்டக் கோல் கைமாறி அவளிடம் வந்தது. அதே வளைவு வந்ததும் என் கால்விரல்கள் தாமாகவே பூட்ஸுக்குள் மடங்கிக்கொண்டன. அவள் திரும்பினாள். சப்பாத்து காலோடுதான் இருந்தது. மஞ்சள் இல்லத்துப் பிள்ளையைத் தாண்டி முடிவுக் கோட்டைத் தொட்டாள்.

"கடைசி ஓட்டம் உனக்குத்தான்" என்று ஆசிரியை சொன்னது வேலி வரை கேட்டது.

அதற்குப் பிறகாவது நிற்க வேண்டுமே! கோலைத் திருப்பிக் கொடுக்க மறந்து, யாரும் துரத்தாமலே இன்னொரு சுற்று ஓடிக்கொண்டிருந்தாள்.