தீவனம் ஆன தீவுமனம்

பெரியநாயக்கன்பாளையத்தில் நானும் என் நண்பரும் நடத்தும் பதிப்பகத்துக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. பகலில் அவர் பம்ப்செட் பட்டறை பார்க்கிறார். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் கவிதை போடுகிறோம். சுற்றுலா போனபோது மட்டும் கடலைப் பார்த்திருக்கும் நாங்கள், பாம்பன் தீவில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணின் கவிதைகளைப் படித்துவிட்டு, இதை நாம்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தோம். புத்தகத்தின் பெயர் 'தீவுமனம்'.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. காலையில் போய்ப் பார்த்தால், வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் கொட்டை எழுத்தில் 'தீவனம்' என்றிருந்தது. அதன் கீழே 'வெளியீட்டு விழா, அனைவரும் வருக'. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நீங்க அனுப்புனதுல ஸ்பெல்லிங் தப்பா இருந்துச்சுங்க. நானே திருத்திப்போட்டேன்" என்றார். குரலில் அப்படியொரு நிறைவு. "கறவை மாட்டுப் படம் ஒண்ணு வெக்கலாம்னு பாத்தேனுங்க, எடம் பத்தலீங்க."

அதற்குள் கவிஞர் வந்து இறங்கிவிட்டார். பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க ஊர்ல தீவனத்துக்கும் தட்டுப்பாடுதாண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் கூட்டங்களுக்கு வழக்கமாக வரும் முகங்கள் வந்தன. கூடவே, ஏதோ விசேஷத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த வெள்ளகோவில் தம்பதி ஒன்று, பேனரைப் பார்த்துக் காரை நிறுத்தி உள்ளே வந்தது.

"ஏனுங்க, புண்ணாக்குங்களா, பெல்லட்டுங்களா?" என்று கணவர் கேட்டார்.

"கவிதைங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு, டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

கவிஞர் வாசித்தது ஓர் ஆட்டைப் பற்றிய கவிதை. புல் காய்ந்துபோன தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்கு அதைப் படகில் கொண்டுபோகிறார்கள். அது வழியெல்லாம் பழைய கரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. படகு நடுக்கடலில் இருக்கும்போது கவிதை முடிகிறது. எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

முன்வரிசை அம்மா எழுந்தார். "அம்மணி, அந்த ஆடு அக்கரை சேந்துச்சா இல்லையா?"

"கவிதை அங்கனயே முடிஞ்சிருச்சுக்கா."

"அது முடியட்டுங் கண்ணு. ஆடு என்னாச்சு?"

மதுக்கரையிலிருந்து வந்திருந்த விமர்சகர் திரும்பி, முடியாமல் நிற்பதுதான் கவிதையின் பலம் என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "செரிங்க" என்றார். உட்காரவில்லை.

கவிஞருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குதிச்சிருச்சுக்கா. எங்கப்பா பின்னாடியே குதிச்சாரு. ஆடு நீந்தி எங்க கரைக்கே போயிருச்சு. அப்பாவைத்தான் தூக்கிப் படகுல போட வேண்டியதாப் போச்சு. ரொம்ப நாள் அந்த ஆட்டோட பேச மாட்டேன்னுட்டாரு."

கூடமே சிரித்தது. எங்கள் விழா ஒன்றில் யாரும் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

முடிந்ததும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கினார்கள். "ஊட்டுக்கு வா கண்ணு, எங்க ஆட்டையும் பாத்துப்போட்டுப் போவியாமா" என்று அந்த அம்மா கவிஞரின் பையைத் தூக்கிக்கொண்டார். கவிஞரும் காரில் ஏறிவிட்டார். அவருக்காக ஏற்பாடு செய்த ஓட்டல் விருந்தை நாங்கள் அவர் இல்லாமலே சாப்பிட்டோம். தீவு வாழ்க்கையைப் பற்றி விமர்சகர் பேசினார். மறுநாள் கவிஞர் போன் செய்து, ஒரு செம்மறி குட்டி போடப்போகிறது, இன்னொரு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார்.

சில மாதம் கழித்து கவிஞருடைய அடுத்த தொகுப்பின் கையெழுத்துப் பிரதி வந்தது. பாதிக்கு மேல் வெள்ளகோவில். "தீவுக் கவிதைன்னு இதை எப்படிங்க விக்கிறது?" என்றார் நண்பர். கிளுவை முள்வேலி கட்டிய மேய்ச்சல் காடுகள் ஒவ்வொன்றையும் தனித்தனித் தீவாக எழுதியிருந்த கவிதையை அவருக்குப் படித்துக்காட்டினேன். வருஷக்கணக்காக வெள்ளகோவில் ரோட்டில் போய்வரும் எங்கள் இருவருக்கும் அப்படி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.