நான் விழும் இடம்

குவைத்தில் நான் தினமும் செத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஊரில் என் தங்கைக்கு வரன் கூடி வந்தது.

சாவு என்றால் நிஜச் சாவில்லை. எங்களுக்கு விசா கொடுத்துக் கட்டட வேலைக்கு எடுத்திருந்த அரபி முதலாளி, அதாவது கஃபீல், குவைத்துக்கு வருவதற்கு முன்னால் சோஹாரில் சைட் நின்றுபோனதும் எங்களில் சிலரை ஊர் ஊராகப் போகும் ஒரு கௌபாய் காட்சிக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார். முதலில் கூடாரம் அடிக்கத்தான் போனோம். ரூவியில் ஆட்டம் நடந்தபோது, செவ்விந்தியர்களாக வேஷம் கட்டியவர்கள் வெயில் தாங்காமல் கிளம்பிப் போய்விட்டார்கள். மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். மாடு பிடிக்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சா, நல்ல கலர்" என்றார். அன்றிலிருந்து இடுப்பில் ஒரு தோல் துண்டும் தலையில் சாயம் போட்ட கோழி இறகுமாகக் கத்திக்கொண்டு ஓடிவருவதும், குதிரைமேல் இருக்கிற வெள்ளைக்காரன் சுட்டதும் விழுந்து சாவதும், கூடாரம் அடிக்கிற வேலையோடு சேர்ந்து என் டூட்டி ஆனது.

திரைக்குப் பின்னால் குதிரைகளுக்கு ஃபேன் வைத்த கொட்டகை, ஐஸ் போட்ட தண்ணீர். எங்களுக்கு லாரிக்கு அடியில் கிடைக்கிற நிழல். குதிரை செத்தால் வேறு குதிரைக்கு எங்கே போவார்கள், பாவம்.

முகத்தில் பூசக் கம்பெனி கொடுத்த சாயம் வேர்வையில் இறங்கிக் கண்ணைப் பிடுங்கியது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், ரூமில் முருகன் படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றி, மார்பு, தோள் என்று மூன்று மூன்று பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்துக்கொண்டு ஓடினேன். மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாளிலிருந்து எல்லோரும் அப்படியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா கொடுத்தனுப்பிய கோயில் திருநீறு அது. அதைப் பூசிக்கொண்டு குதிரைச் சாணத்தில் உருண்டேன். ஆரம்பத்தில் குன்றிப்போனேன், பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆட்டம் குவைத்துக்கு வந்தபோது அப்பாவிடமிருந்து சேதி வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பத்தோடு இங்கேயே அப்பாசியாவில் இருக்கிறார், பெரிய உத்தியோகம். பெண்ணின் அண்ணனை நேரில் பார்த்துப் பேசிவிட்டுச் சம்மதம் சொல்வாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்கு நான் சாப்பிடப் போக வேண்டும். "பையன் கம்பெனியில் இருக்கிறான்" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று அவருக்கே தெரியாது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் கவலையெல்லாம்.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் ஆட்டம் முடிந்ததும், வழக்கம்போலப் பிள்ளைகள் எங்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள உள்ளே வந்தார்கள். ஒரு சின்னப் பெண் என் இறகைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அம்மா, "திருநீறுல்லா பூசியிருக்காங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா என்னை நெருங்கி, "தம்பி தமிழா?" என்று கேட்டார்.

"மாஃபி" என்று அரபியில் இல்லையென்று சொல்லித் தலையை ஆட்டிவிட்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் தோலுரியத் தேய்த்துக் குளித்து, நண்பனின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அப்பாசியா போனேன். கதவைத் திறந்தவர், முந்தின நாள் 'தம்பி தமிழா?' என்று கேட்ட அவரேதான்.

"வாங்க தம்பி, உக்காருங்க. வீடு கண்டுபிடிக்க சிரமமா இருந்துச்சோ?" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நானும் மூச்சு விட்டேன். உள்ளே இருந்து ஓடிவந்த சின்னப் பெண் என்னைப் பார்த்து நின்றாள்.

"டாடி, நேத்து செத்துப் போனாங்களே, அந்த அங்கிள்."

அவள் அம்மா அவளை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். அவரோ எதுவுமே காதில் விழாதவர் மாதிரி, "ஊர்ல மழையா?" என்று கேட்டார். சாப்பாட்டில் சாம்பார், அவியல், அப்பளம் எல்லாம் இருந்தன. எனக்கு எதுவும் இறங்கவில்லை. வேலையைப் பற்றி இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. கை கழுவி வந்ததும், "வர்ற தையிலயே வச்சுக்கிடலாம்னு அப்பாவுக்கு எழுதிருதேன்" என்றார். நான் கும்பிட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

வாசல்வரை வந்தவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு குரலைத் தணித்தார். வீட்டுக்காரிக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"தம்பி, நீங்க விழுத பக்கம் கூடார ஆணி ஒண்ணு மண்ணுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. தலைய காத்துக்கிடுங்க."

திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். கூடாரத்துக்கு வந்ததும் முதல் வேலையாக நான் விழுகிற இடத்துக்குப் போய்க் குனிந்து தேடினேன். ஆணி இருந்தது. அதை அடித்தவனே நான்தான்.