கொக்கியில் தொங்கிய துண்டுகள்

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜை வெளியூர் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்தபோது, எங்களையெல்லாம் அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரூம் பெருக்கித் துடைக்கும் வேலையில் நான் அப்படியே இருந்தேன். கோயம்புத்தூர் பக்கமிருந்து ஒரு இளவயது மேனேஜர் வந்தார். அதட்டத் தெரியாத மனிதர். வந்த ஒரு வாரத்தில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்.

அவர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நிறுத்தினார். மொட்டைமாடியில் சோலார் தகடு வைத்தார். கம்பெனி எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. சாரல் நாட்களில் லாட்ஜுகளின் சோப்பு நுரை ஓடையில் வெள்ளையாக மிதந்து போவதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். அதைப் பற்றிக் கவலைப்பட ஓர் ஆள் வந்ததே பெரிதாகத் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு அட்டை ஒட்டினோம். துண்டைத் திரும்பவும் பயன்படுத்துவதானால் கொக்கியில் மாட்டுங்கள், துவைக்க வேண்டுமானால் தரையில் போடுங்கள், தண்ணீரைக் காப்போம் என்று எழுதியிருந்தது. ஆட்கள் தங்கியிருக்கும் வரை தரையில் கிடப்பதை மட்டும்தான் நான் சலவைக்கு எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் ஈரத் துணியைத் தரையில் போட மாட்டார்கள். வீட்டில் அப்படிப் போட்டால் திட்டு விழும். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள், மிச்ச எண்ணெயையும் துண்டில் துடைத்து, ஒழுங்காகக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அட்டையைப் படித்தார்களா என்றே தெரியாது. பழக்கதோஷம். வெள்ளைத் துண்டுகள் மஞ்சள் பிடித்துத் தொங்கின. சலவைக்குப் போகும் துண்டுகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. மேனேஜருக்குச் சந்தோஷம்.

துண்டு துவைக்கிற அக்காவுக்குத்தான் அடி. பின்பக்கத் தொட்டியடியில் பல வருஷமாகத் துவைக்கிறார். ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சீசனில் துவைத்துச் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். படுக்கை விரிப்புகளை முதலிலிருந்தே தென்காசியில் மெஷின் சலவைக்கு டெம்போவில் அனுப்புவார்கள். துண்டு ஒன்றுதான் அவர் பங்கு.

ஒருநாள் நான் கொண்டுபோன கூடையைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, குற்றாலத்துக்கு வாரவன் எவனும் குளிக்கலியோ?” என்று கேட்டார். அட்டையைப் பற்றிச் சொன்னேன். கூடையைக் கவிழ்த்துத் துண்டுகளை எண்ணினார். பிறகு, கொக்கியில் கிடப்பதை லேசாகத் தட்டிவிட்டால் தானே விழும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று. ஆனால் சொல்லிவிட்டேன். அதோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கூடையை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தண்ணீர் மிச்சம் என்பது பொய்யில்லை. நுரை குறைந்ததும் பொய்யில்லை. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில், விருந்தாளிகளால் இவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று ஒரு போர்டு எழுதி வந்தது. வரவேற்பறையில் மாட்டச் சொன்னார் மேனேஜர். ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நேருக்கு நேர் பார்த்துப் பேச எனக்கு வராது. சுவரைப் பார்த்தபடியே, “சார், இதுல பாதி அந்த அக்கா குடுத்தது” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். இறங்கி நின்று, கூலிக் கணக்கு எப்படி என்று சொன்னேன். அக்காவை வரச் சொன்னார். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“தண்ணிய மிச்சம் பண்ணுதீய, நல்ல காரியந்தான் சார். எங்க வீட்டுச் சோத்தையுமா மிச்சம் பண்ணணும்?”

மேனேஜர் அன்றைக்கே தலைமை ஆபீசுக்குப் பேசினார். அக்காவுக்கு மாதச் சம்பளம் போடலாமா என்று கேட்டதற்கு, அவர் கம்பெனி ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்களாம். நாலைந்து நாள் விடாமல் பேசினார். கடைசியில், உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுப்பதும் கம்பெனி தன் வருஷ அறிக்கையில் காட்ட வேண்டிய காரியங்களில் ஒன்று என்பதால், தென்காசிக்குப் போகும் விரிப்புகளை அக்காவிடமே கொடுக்கச் சம்மதித்தார்கள். டெம்போ டீசலும் மிச்சம். தொட்டித் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தென்னைகளுக்குத் திரும்புகிற மாதிரி ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள்.

அக்காவுக்காகச் செய்தார்களா, காட்டுவதற்காகச் செய்தார்களா என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. எதற்காகச் செய்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் அந்த மேனேஜர் விடாமல் பேசியிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

விரிப்பு துண்டு மாதிரி இல்லை. நனைந்தால் கனம். ஒற்றை ஆளாகப் பிழிய முடியாது. முதல் நாள் அக்கா ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, பின்கதவுப் பக்கம் வந்த என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்த அத்தனை நாளுக்கும் பிறகு, “சும்மாத்தான நிக்கே? இந்த முனையப் பிடி” என்றார். பிடித்தேன். நானும் அவர் முறுக்கிய பக்கமே முறுக்கினேன் போல.

“எதிர்ப்பக்கமா முறுக்கு தம்பி. ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்துனா விடிஞ்சிரும்.”

மாற்றி முறுக்கினேன். தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடியது. அடுத்த விரிப்பை எடுத்தார்.