கற்பிட்டியில் தேறியது

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஆறு மணிக்கு ஏறிய பஸ், சிலாபம் தாண்டிப் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியபோது பத்து மணி. அங்கிருந்து கற்பிட்டி நாற்பது கிலோமீட்டர். பக்கத்து இருக்கைப் பெரியவர் எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். கடலுக்கடியில் மூழ்குவதைத் தொழிலாகக் கற்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்ததாகச் சொன்னேன். கோயம்புத்தூரில் கடல் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வங்கி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு மாதப் பயிற்சியில் தேறினால், சுற்றுலாப் பயணிகளைப் பவளப்பாறைக்குக் கூட்டிச் செல்லும் வழிகாட்டியாகலாம். கற்றுக்கொடுத்தவர் நிஷாந்த, சிலாபத்துச் சிங்களவர்; தமிழில் நன்றாகத் திட்டுவார். படகோட்டி ரிபாஸ் நானா முன்பு கடலட்டை எடுக்க மூழ்கியவர். அந்தத் தொழில் ஆளைக் கொன்றுவிடும் என்று மனைவி ரஸீனா சண்டை பிடித்து இந்தப் படகு வேலைக்கு அனுப்பியிருந்தார். மதியச் சோறு அவர்கள் வீட்டில்தான். அங்கே அண்ணன் நானா, அக்கா ராத்தா, குழம்பு ஆணம். மீன் ஆணத்தில் உறைப்பு போதுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னும் ஊற்றுவார் ரஸீனா ராத்தா.

ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்த காற்று குமிழாகி மூட்டையும் நரம்பையும் பிடிக்கும். கடலட்டைக்காரர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். வலித்தால் மறுபடி கீழே போவது, வலி விட்டதும் மெல்ல மெல்ல ஏறுவது. நிஷாந்த அதைக் கேட்டாலே கத்துவார். கீழே வைத்து மயங்கினால் யார் தூக்குவது? ஆக்சிஜன் கொடு, கரைக்குக் கொண்டு போ. எங்கள் பாடம் அதுதான்.

ஜனவரியில் எனக்குத் தேர்வு நாள். படகில் முழுப் பொறுப்பும் என்னிடம். கரையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், திரும்பும் நேரம் பார்த்து நங்கூரம் பாறையில் சிக்கிக்கொண்டது. காற்று எழுந்து பயணிகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிபாஸ் நானா அவசரமாக இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். நங்கூரம் வந்தது. சற்று நேரத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், புது சிலிண்டரைத் தம் பக்கம் இழுத்தார்.

"கொஞ்சம் கீழ போயிட்டு வாரேன் மிஸ். கால் விறைக்குது. இப்ப போனாச் சரியாகிரும்."

நிஷாந்த என்னைப் பார்த்தார். இறங்க வேண்டாம் என்று சொல்லி நான் அந்த சிலிண்டரைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டேன். ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டு நிஷாந்தவிடம் படகைத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் அவர் முகமூடியை விலக்கி, விடுங்க மிஸ், விடுங்க என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். நான் சிலிண்டரை விடவில்லை. கரை சேர்ந்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

கற்பிட்டி ஆஸ்பத்திரி, பிறகு புத்தளம். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைக் கரைக்கும் அறை உள்ள இடம் வெகு தொலைவில் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் மறுநாளாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துத் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கால்கள் திரும்பவில்லை. மீட்புத் தேர்வை நிஜத்திலேயே செய்துவிட்டாய், இனித் தனியாகத் தேர்வு வேண்டாம் என்று நிஷாந்த என் சான்றிதழில் கையெழுத்திட்டார். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரிபாஸ் நானாவைக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். பயணத்துக்கு வடை சுற்றிக் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்னார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"படிச்ச ஆள் நீங்க, சொல்லுங்க மிஸ். அண்டைக்குப் படகுலருந்து நான் இறங்கியிருந்தா இப்ப நடந்திருப்பனா?"

கடலடியிலேயே மௌத்தாகியிருப்பீர்கள் என்று சொல்லியிருக்கலாம். பாடம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அப்படி இறங்கி, ஏறி, நடந்து வீட்டுக்குப் போனவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

"தெரியாது நானா."

வடையைச் சுற்றிக்கொண்டிருந்த ரஸீனா ராத்தா நிமிர்ந்தார்.

"தெரியாமத்தானா புடிச்சு வெச்சீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.