இழுங்க

சூலூர் குளத்தில் ஒரு நீளமான டிராகன் படகு தள்ளாடிக்கொண்டு நிற்கிறது. நாளைக்குப் போட்டி. ஓர் ஆள் குறைகிறதென்று, கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மதுரைக்காரனான என்னையும் ஏற்றிவிட்டு, கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் துடுப்பை இழுக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். படகின் முனையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, மேளம் தட்டிக் குரல் கொடுக்கிறாள் சுகன்யா.

"இழுங்க! இழுங்க!"

பாதிப் பேர் 'இழு'விலேயே இழுத்துவிடுகிறோம். மீதிப் பேர் 'ங்க' வரும்வரை மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். துடுப்புகள் மோதுகின்றன. என் முதுகெல்லாம் தண்ணீர். படகு கோணிக்கொண்டு போய் ஆகாயத்தாமரைக்குள் மூக்கை நுழைக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, வெறும் 'இழு'ன்னு சொல்லுங்களேன்!"

"அதெப்பிடிங்க?" முதல் வரிசையைக் கண்ணால் காட்டுகிறாள். "எங்க மாமனாருங்க!"

"சும்மா சொல்லு அம்மணி, நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்" என்கிறார் மாமனார்.

சுகன்யா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். "இழு..." படகே காத்திருக்கிறது. "...ங்க."

எல்லாரும் சிரிக்கிற சிரிப்பில் படகு கவிழப் பார்க்கிறது. அவள் மேளக்குச்சியால் நெற்றியைச் சொறிந்து யோசிக்கிறாள். பிறகு ஓங்கித் தட்டுகிறாள்.

"ங்க! ங்க! ங்க!"

துடுப்புகள் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. படகு ஆகாயத்தாமரையைக் கிழித்துக்கொண்டு நேராகக் கிளம்புகிறது. எல்லாரையும்விட வேகமாக இழுப்பவர் மாமனார்தான். அவரை இழுக்கும்படி யாரும் சொல்லவே இல்லை.