ஓடாத மோட்டார் சைக்கிளுக்கு வரி

எங்கள் மோட்டார் சைக்கிள் வருடத்தில் ஒருநாள்தான் ஓடும். அதற்கு வரி கட்டப் போகும் நாள் அது.

அப்பா ஆசைப்பட்டு வாங்கித் தன் பெயரில் பதிந்த சைக்கிள். ஒரு போகம் அதில் வயலுக்குப் போய்வந்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறினார். அந்தப் படகைப் பற்றி எவருக்கும் ஒரு தகவலும் வரவில்லை. சைக்கிள் மாட்டுக்கொட்டில் மூலையில் சாக்கால் மூடிக்கிடந்தது. அம்மாவுக்கு அதை ஓடத் தெரியாது. அம்மாவின் தம்பியான மாமாவிடம் சொந்தமாக ஒன்று இருந்தது.

நான் நான்காம் வகுப்பில் படித்த வருடமும் மாமாதான் வந்து உதைத்தார். "அத்தான்ர குதிரை கோவத்தில நிக்குதக்கா" என்று சிரித்தார். ஒருவழியாய் அது உறுமியது. முரசுமோட்டையிலிருந்து மூவரும் கிளிநொச்சிக்குப் போனோம்.

முதலில் புகைப் பரிசோதனை. அங்கிருந்த பெடியன் குனிந்து சைலன்சருக்குள் குழாயைச் செருகியதுதான் தாமதம், உள்ளே குளவி கட்டியிருந்த மண்கூடு வெடித்து அவன் சட்டையெல்லாம் தூள்.

"அண்ணை, இது மோட்டச்சைக்கிளோ, செங்கல் சூளையோ?"

"வருசத்துக்கு ஒருக்காத்தான் வாய் திறக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் தம்பி."

துப்புரவாக்கி, இரண்டாந்தரம் தேறியது.

பிரதேச செயலகத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் பத்திரங்களைப் புரட்டினார்.

"ஆரம்மா இதை ஓடுறது?"

"இவன்ர அப்பா. வெளியில போயிருக்கிறார்."

மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப சும்மாதானே நிக்குது? பாவனையில இல்லையெண்டு எழுதித் தாங்கோ. வரி கட்டத் தேவையில்லை."

எனக்குப் பெரும் சந்தோசம். அம்மா வெயிலில் களை பிடுங்கிச் சேர்த்த காசு அது. மிஞ்சினால் என் காலுக்குச் சப்பாத்து வாங்கலாம்.

அம்மா யோசித்தார். "அப்பிடி எழுதினா, அவர் வந்த உடன எடுத்து ஓடேலுமோ?"

"இல்லையம்மா. திரும்ப இஞ்ச வந்து வரி கட்டின பிறகுதான்."

"அவருக்குப் பொறுமை இல்லைத் தம்பி. வந்த அண்டைக்கே கோயிலுக்கெண்டு வெளிக்கிடுவார். றோட்டில பொலிஸ் மறிச்சா என்ன செய்யிறது?"

"அம்மா, காசே தேவையில்லையாம்!" என்று நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். உத்தியோகத்தர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு காசை வாங்கிக்கொண்டு, புதிய வரிப்பத்திரத்தை இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், உத்தியோகத்தர் சொன்னது விளங்கவில்லை என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது. திரும்பும் வழியெல்லாம், மாமாவின் முதுகுக்கும் அம்மாவுக்கும் இடையில் நெரிபட்டபடி, ஓடாத வாகனத்துக்கு ஏன் வரி கட்டத் தேவையில்லை என்று திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன்.

"ஓம் ராசா, ஓம்" என்று அம்மா என் தலையைக் காற்றுப் படாமல் சேலையால் மூடிவிட்டார்.